மானிட்டரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: கேமிங் கணினிக்குப் பாகங்களும் ஓஎஸ்ஸும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்யப் போகிறீர்கள். 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பட்டியலில் எழுதியிருப்பவை: 14-ஆம் தலைமுறை கோர் ஐ9 பிராசஸர், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, ஒரே குச்சியாக 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, கேபினட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). நண்பர்களோடு வேலரண்ட் ஆடுவீர்கள், தனியாக இருக்கும்போது கதையுள்ள பெரிய கேம்கள். விண்டோஸா, லினக்ஸா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் பட்டியல் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. பிராசஸரில் தாராளமாகத் தொடங்கி, மிச்சம் இருந்ததில் மற்றதையெல்லாம் ஒப்பேற்றிய பட்டியல் என்று பார்த்ததுமே தெரிகிறது. எதிர்த் திசையில் வர வேண்டும். மானிட்டர் கேட்பதைக் கார்டு கொடுக்க வேண்டும். அந்தக் கார்டைக் காக்க வைக்காத பிராசஸர் இருந்தால் போதும். இவை இரண்டும் இழுக்கும் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும். ஓஎஸ்ஸை முடிவு செய்வது நீங்கள் ஆடும் கேம்கள்.

மானிட்டர் என்ன கேட்கிறது? 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். உங்கள் 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். 1080பி-க்குப் போதும் என்று சொல்லப்படும் கார்டு, உங்களிடம் வந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படத்துக்கும்) ஏறக்குறைய 1.8 மடங்கு பிக்சல்களை வரைந்தாக வேண்டும். 165 ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு 165 முறை மாறுவது என்பதற்கு, ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 6 மில்லி விநாடி என்று பொருள். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். எல்லா கேமும் 165-ஐத் தொட வேண்டியதில்லை. வேலரண்ட் போன்ற இலகுவான கேம்கள் தானாகவே அதைத் தாண்டும். கதையுள்ள பெரிய கேம்கள் விநாடிக்கு 70, 80 ஃப்ரேமில் ஓடினாலும், மானிட்டரில் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் இருந்தால் திரையும் அதே வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும், கண்ணுக்கு உறுத்தாது.

இனி கார்டு. பட்டியலில் முதலில் மாற்ற வேண்டியது அந்த 8 ஜிபி. காட்சிக்குத் தேவையான டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் கார்டின் சொந்த நினைவகமான விரேமில் இருக்க வேண்டும். அது நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் சாதாரண ரேமுக்குப் போகும்; தேவைப்படும்போது, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்பி வர வேண்டும். கார்டு தன் விரேமோடு விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வேகத்தில் பேசிக்கொள்ளும். பிசிஐ 4.0 ஸ்லாட்டின் 16 லேன்களும் (தகவல் பாதைகளும்) சேர்ந்தே 32 ஜிபியைத்தான் எட்டும். சில நடுத்தரக் கார்டுகளில் 8 லேன்கள்தான், அதில் பாதி. நெடுஞ்சாலையில் வந்த லாரி திடீரென்று சந்துக்குள் நுழைவது மாதிரி.

திரையில் இது எப்படித் தெரியும் என்றால், ஒரு கதவைத் திறந்து புது இடத்துக்குள் நுழையும்போது படம் அரை விநாடி உறைந்து நிற்கும். அல்லது பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகும் சுவர் குழைத்துப் பூசிய சேறு மாதிரி மங்கலாகவே இருக்கும். கொடுமை என்னவென்றால், சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையில் இது அவ்வளவாகத் தெரியாது. அதனால் விமர்சனங்களைப் பார்க்கும்போது சராசரியைத் தாண்டி, '1 சதவீத லோ' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்; மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம் அது. சராசரி 80, லோ 25 என்று இருந்தால் அந்தக் கார்டு திக்கித் திணறுகிறது.

1440பி-க்கு 12 ஜிபி குறைந்தபட்சம், முடிந்தால் 16. இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 16 ஜிபி கார்டும் உண்டு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யிலும் இதே கதை. பெட்டியின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். இன்னும் ஒரு படி மேலே போக முடிந்தால் ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ எல்லாமே 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5070-இல் 12.

என்விடியாவா, ஏஎம்டியா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்ப் பல வருடமாகிறது. ரே ட்ரேசிங்கை (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவதை) முழுசாகப் போட்டுப் பார்க்க ஆசையா, என்விடியா. பெரும்பாலும் லினக்ஸில்தான் ஆடப் போகிறீர்களா, ஏஎம்டி. காரணம் பிறகு வருகிறது. இன்டெல் ஆர்க் கார்டுகளும் விலைக்கேற்ற உழைப்பைத் தருபவைதான், ஆனால் மதர்போர்டில், விரேம் முழுவதையும் பிராசஸர் நேரடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி இருந்தே ஆக வேண்டும். பழைய கணினியில் செருகினால் வேகம் படுத்துவிடும்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இரண்டும் நல்ல கண்டுபிடிப்புகள். குறைந்த பிக்சலில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டுவது அவற்றின் வேலை. 1440பி-யில் தரமான நிலையில் வைத்தால் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றைச் செருகுகிறது. எண்ணிக்கை ஏறும், மவுஸை அசைத்ததும் கிடைக்கும் பதில் வேகம் ஏறாது. அது இல்லாமலேயே 60 வரும் கேமில் அழகாக இருக்கும். 30-இல் தவிக்கும் கேமில் போட்டால் கஞ்சிக்குள் கையை விட்டு ஆடுவது போல இருக்கும். போதாததற்கு அதுவும் கொஞ்சம் விரேமைத் தின்னும்.

அடுத்து அந்த ஐ9. 24 கோர்களை நிரப்பும் அளவுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் கேம்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்கள் (வேலை இழைகள்) பாரத்தைச் சுமக்கும், மற்றவை எடுபிடி. கேமுக்கு உண்மையில் உதவுவது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷ். பிராசஸருக்கு வேண்டிய தகவல் உள்ளேயே இருந்தால் உடனே கிடைக்கும்; ரேமிலிருந்து வர வேண்டுமென்றால் பல மடங்கு நேரம் சும்மா காத்திருக்கும். ஏஎம்டியின் எக்ஸ்3டி பிராசஸர்கள் செய்வது இதைத்தான்: ரைசன் 7 7700எக்ஸில் 32 எம்பி எல்3 கேஷ் என்றால், 7800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷை அடுக்கி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். இரண்டிலும் கோர்கள் எட்டுதான். அப்படியும் பல கேம்களில் 24 கோர் ஐ9-ஐ அது முந்திவிடுகிறது, மிகக் குறைந்த மின்சாரத்தில்.

உங்களுக்கு எக்ஸ்3டி கட்டாயமில்லை. நடுத்தரக் கார்டோடு 1440பி-யில் ஆடும்போது பெரும்பாலும் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும். ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ் போன்ற 6 கோர் பிராசஸர் போதும். மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். இப்போதிருக்கும் கணினியில் எது தடை என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு: கேமின் ரெசொல்யூஷனை ஒரு படி குறையுங்கள். ஃப்ரேம் ஏறினால் கார்டு தடை. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர் தடை.

14-ஆம் தலைமுறை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 வகைகளில், அதிக வோல்டேஜ் காரணமாகச் சில்லுகள் நாளடைவில் தேய்ந்து, கேம்கள் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும் பிரச்சினை வந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (சில்லின் உள்கட்டளை) திருத்தங்கள் வந்தன, வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தார்கள். திருத்தம் புதுச் சில்லைக் காக்கும்; ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. ஆகவே இந்தத் தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் வேண்டாம். புதிதாக வாங்கினாலும் முதல் வேலை பயாஸ் (மதர்போர்டின் துவக்க மென்பொருள்) அப்டேட்.

மதர்போர்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஏஎம்5 சாக்கெட்டில் (புதிய ரைசன் பிராசஸர் உட்காரும் இடம்) ஒரு பி650 அல்லது பி850 போர்டு, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு, பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் ஒன்று. இந்தப் பட்டன் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும். போர்டு பழைய இருப்பாகவும் பிராசஸர் புதியதாகவும் அமைந்துவிட்டால் இதுதான் காப்பாற்றும். சாக்கெட்டின் ஆயுள் முக்கியம் என்று நினைப்பவன் நான். 2017-இல் வந்த ஏஎம்4 போர்டுகள் பலவும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு 2022-இன் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை ஏற்றுக்கொண்டன. ஏஎம்5-க்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

ரேம்: ஒற்றை 16 ஜிபியை அடித்துவிட்டு, 16 ஜிபி இரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குச்சி என்றால் பாதைகளில் பாதி சும்மா கிடக்கும். டிடிஆர்5, 6000 வேகம், சிஎல்30 (பதில் தாமதத்தின் அளவு) என்பது ஏஎம்5-க்கு நன்றாகப் பொருந்தும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். நான்கையும் நிரப்பினால் வேகம் இறங்கும், அதனால் பிற்பாடு இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் வேண்டாம். அப்புறம், 6000 என்று பெட்டியில் போட்டிருப்பதாலேயே அந்த வேகத்தில் ஓடிவிடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்போ (இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி) என்பதை ஆன் செய்யும்வரை 4800, 5600 என்று ஏதோ ஒன்றில் நடந்துகொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியில் 1 டிபி பற்றாது. 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சர்வ சாதாரணம். 2 டிபி வையுங்கள். எம்.2 ஸ்லாட்டில் பொருந்தும் ஜென்4 (பிசிஐ 4.0) என்விஎம்இ போதும். ஜென்5-இன் வேகம் பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது தெரியும், கேம் லோடாகும்போது கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவச இணைப்பாக வருவதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இவ்வளவும் வாங்கிவிட்டு அதில் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை. 5070 டிஐ, 9070 எக்ஸ்டி போன்றவை 300 வாட் அளவில் இழுப்பவை. அவற்றுக்கு நல்ல 750 வாட், அதற்குக் கீழே உள்ள கார்டுகளுக்கு 650. '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வருகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் அல்ல. பிரித்துப் போட்டுச் சோதித்தவர்களின் விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். புதிய என்விடியா கார்டு என்றால் ஏடிஎக்ஸ் 3.1 வகையாக, 12வி-2x6 இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். அந்த இணைப்பை இறுதிவரை அழுத்திச் செருக வேண்டும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-இன் இணைப்புகள் உருகியது செய்தியானபோது, முழுதாகச் செருகாமல் விட்டது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நான் கற்ற பாடம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். பழையதும் மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை), புதியதும் மாடுலர். பின்னால் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்த டிரைவுக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிளைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, அதன் மறுமுனையைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். அழகாகப் பொருந்தியது. பட்டனை அழுத்தியதும் ஒரு 'டிக்', கூடவே சுட்ட பிளாஸ்டிக் வாடை. இரண்டு டிரைவ்களும் போயே போய்விட்டன; அவற்றில் ஒன்றில் பேக்கப் எடுக்காத புகைப்படங்கள் இருந்தன. டிரைவ் பக்கம் செருகும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஊசியில் 12 வோல்ட், எதில் 5 என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலும்கூட மாறலாம். எந்தப் பெட்டியில் வந்த கேபிளோ, அந்தப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும்தான்.

கேபினட், கூலர் இரண்டும் சீக்கிரம் முடியும். முன்பக்கம் கண்ணாடி மூடியதை விட்டுவிட்டு வலை வைத்ததை எடுங்கள். கார்டின் நீளமும் கூலரின் உயரமும் எத்தனை மில்லிமீட்டர் என்று கேபினட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 6, 8 கோர் ரைசனுக்கு ஒரு நல்ல டவர் ஏர் கூலர் தாராளம். தண்ணீர்க் கூலர் ஆசைக்கு மட்டும்.

சரி, ஓஎஸ். நீண்ட விவாதம் தேவைப்படும் என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் வேலரண்ட் என்ற ஒரு சொல்லிலேயே பாதி முடிந்துவிட்டது. அதன் ஏமாற்றுத் தடுப்பான வேன்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து கணினி துவங்கும்போதே கூடத் துவங்குவது. லினக்ஸில் அது கிடையாது, அது இல்லாமல் கேமும் ஓடாது. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டியின் புதிய பாகங்கள், பேட்டில்ஃபீல்டு 6 ஆகியவற்றிலும் இதே சுவர். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் அதையும் மூடிவிட்டார்கள். லினக்ஸால் முடியாது என்பதால் வந்த தடை இல்லை இது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஏமாற்றுத் தடுப்புகளும் 2021-லேயே, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன. அனுமதிப்பதா என்று முடிவெடுப்பது கேம் நிறுவனம். இன்று ஓடுவது நாளைக்கும் ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கதையுள்ள கேம்களில் நிலைமை தலைகீழ். 2018-இல் வால்வ் நிறுவனம் புரோட்டானைத் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் கொண்டுவந்தது. விண்டோஸ் கேம்கள் படம் வரையத் தரும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை டிஎக்ஸ்விகே, விகேடி3டி-புரோட்டான் என்ற அடுக்குகள் லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கின்றன. 2022-இல் லினக்ஸில் இயங்கும் வால்வின் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் வந்த பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. இன்று தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை 'இன்ஸ்டால்' அழுத்தினால் ஓடுகின்றன. உங்கள் கேம்களை ஒவ்வொன்றாகப் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை, முடிவு கையில் இருக்கும்.

ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸில் டிரைவர் என்று தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். கெர்னலிலும், லினக்ஸின் கிராஃபிக்ஸ் நூலகமான மீசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. என்விடியாவுக்குத் தனி டிரைவர் வேண்டும். முன்பு பட்ட பாடு இப்போது இல்லை என்றாலும், டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிடக் கொஞ்சம் பின்தங்குவது தெரிந்த குறை. ஏஎம்டியிலும் ஒரு முள் உண்டு: அதன் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க எச்டிஎம்ஐ மன்றம் 2024-இல் மறுத்துவிட்டது. உங்கள் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. எந்த லினக்ஸ் என்றால், புதுக் கார்டுக்குப் புதுக் கெர்னல் வேண்டும். லினக்ஸ் மின்ட் எனக்குப் பிடித்தமானது, அம்மாவின் கணினியில் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் போன மாதம் வெளிவந்த கார்டுக்கு அது ஏற்றதல்ல. ஃபெடோராவோ, அதன்மேல் கட்டிய பஸைட்டோ கேமிங்குக்கு வசதி.

விண்டோஸ் என்றால் 11-தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் பயாஸில் ஆன் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் வேன்கார்டும் அவற்றைக் கேட்கும்.

உங்களுக்கு என் யோசனை: விண்டோஸ் ஓர் எஸ்எஸ்டியில். லினக்ஸ் ஆசை விடவில்லை என்றால் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் இன்னொரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ். ஒரே டிரைவைப் பிரித்து இரண்டையும் போட்டால், என்றாவது ஒருநாள் விண்டோஸ் அப்டேட் லினக்ஸின் துவக்க ஃபைலில் கைவைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது மற்ற டிரைவைக் கழற்றி வைத்தால் இன்னும் நிம்மதி. இரண்டிலும் பொதுவாக இருக்கட்டும் என்று கேம்களை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவிலிருந்து புரோட்டானில் ஓட்ட முயலாதீர்கள். பாதி ஓடும், பாதி மர்மமாக நிற்கும். விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகும். இன்னொன்று: விண்டோஸ் 11 பல சமயம் உங்களைக் கேட்காமலேயே டிரைவை என்க்ரிப்ட் செய்துவிடும். பயாஸில் எதையாவது மாற்றுவதற்கு முன் அந்த என்க்ரிப்ஷனான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பொருத்தும் நாளில் மூன்று விஷயங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் ஆகலாம், பதறிப்போய் பவரைப் பிடுங்காதீர்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டின் பின்பக்கத்தில்தான் போக வேண்டும். எல்லாம் ஏறி, டிரைவரும் போட்ட பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை அது அனேகமாக 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கும்.